இருபத்தேழில் ஒரு குரல்: லிதுவேனியா பயணக் குறிப்புகள்

ஜூலை 12, 2025, சனி. வில்னியஸ்

வார்சாவில் காலையில் ரயில் ஏறினால் சாயந்தரம் வில்னியஸ். நடுவில் மொக்காவா என்று ஒரு சின்ன ஸ்டேஷன், சுற்றிலும் வயல். அங்கே எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எதிரே நிற்கும் லிதுவேனிய வண்டியில் ஏற வேண்டும். காரணம் தண்டவாளத்தின் அகலம்: போலந்தில் 1435 மில்லிமீட்டர், இங்கே ஜார் காலத்து 1520. கவுனாஸ் வரை ஐரோப்பிய அகலத்தில் ஒரு பாதை வந்துவிட்டது, மூன்று பால்டிக் நாடுகளையும் போலந்தோடு சேர்க்கும் ‘ரயில் பால்டிகா’ 2030இல் முடியும் என்று திட்டம் வைத்திருக்கிறார்கள், ஆனால் இன்றைய தேதிக்கு வில்னியஸ் போகிறவர்கள் வண்டி மாறித்தான் ஆக வேண்டும். 2004 மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாட்டில் தண்டவாளம் மட்டும் இன்னும் மாஸ்கோ கணக்கில் ஓடுகிறது.

அந்த 1520 அகலத்தில்தான் மாஸ்கோவிலிருந்து காலினின்கிராடுக்குப் போகும் ரஷ்ய ரயிலும் வில்னியஸ் ஸ்டேஷன் வழியாகப் போகிறது. காலினின்கிராட் ரஷ்யாவின் ஒரு துண்டு, ஆனால் ரஷ்யாவோடு ஒட்டாமல் லிதுவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவில் கிடக்கிறது. பயணிகள் இங்கே இறங்க முடியாது, ஜன்னல் வழியே பார்க்கலாம். 2022 மார்ச்சில் அந்த ரயில் நிற்கும் நடைமேடையில் உக்ரைன் போர்ப் படங்களைப் பெரிதாக ஒட்டி, புடின் இன்று உக்ரைனில் மக்களைக் கொன்றுகொண்டிருக்கிறார், உங்களுக்குச் சம்மதமா என்று ரஷ்ய மொழியில் கேட்டிருந்தார்கள். இந்த ஊரின் குணம் அதிலேயே தெரிந்துவிடும். வெளியே வந்தால் பேருந்தின் நெற்றிப் பலகையில் தடம் எண் மாறிமாறி வரும்போது ‘வில்னியஸ், இதயக்குறி, உக்ரைன்’ என்று ஓடுகிறது. ரஷ்யத் தூதரகத்துக்குப் போகும் பெயரில்லாத சாலைக்கு ‘உக்ரைன் வீரர்கள் தெரு’ என்று பெயர் வைத்தது இதே மாநகராட்சிதான். தூதரகத்துக்கு யாராவது கடிதம் எழுதினால் முகவரியில் அதைத்தான் எழுத வேண்டும்!

கோட்டையும் தேவாலயங்களும் பார்ப்பேன், ஆனால் வந்த காரணம் வேறு. ஒன்றியத்தின் மக்கள்தொகை சுமார் 45 கோடி, லிதுவேனியா 29 லட்சம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 720 இடங்களில் 11. இந்த அளவில் இருக்கிற ஒரு நாடு ரஷ்யாவையும் சீனாவையும் ஒரே நேரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறது, அது எப்படி, யார் தோள்மேல் நின்று, என்ன விலைக்கு என்று நேரில் பார்க்க ஆசை. வந்த வாரமும் வசமாக அமைந்தது. உக்ரைன் போருக்காக ரஷ்யா மீது ஒன்றியம் போடும் தடைகளின் 18ஆவது பொட்டலம், அதாவது தொகுப்பு, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நிறுத்தி வைத்திருப்பது இன்னொரு சின்ன நாடு, ஸ்லோவாகியா. வெளியுறவு விஷயங்களில் 27 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, ஒருவர் முரண்டுபிடித்தால் வண்டி நகராது. அந்தத் தடுக்கும் உரிமைக்குத்தான் ‘வீட்டோ’ என்று பெயர்.

ஜூலை 13, ஞாயிறு. வில்னியஸ்

காலையில் டவுன் ஹால். சுவரில் ஒரு கல்வெட்டு, 2002 நவம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இங்கே பேசியது: லிதுவேனியாவை எதிரியாகத் தேர்ந்தெடுப்பவர் அமெரிக்காவையும் எதிரியாக்கிக்கொள்கிறார் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து நேட்டோவில் சேர்ந்தார்கள். கல்லில் வெட்டியது அப்படியே இருக்கிறது, ஆனால் இந்த பிப்ரவரி 24 அன்று ஐ.நா. பொதுச்சபையில் உக்ரைனும் ஐரோப்பிய நாடுகளும் கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்த்து அமெரிக்கா ரஷ்யாவோடு சேர்ந்து வாக்களித்தது. கல்வெட்டு முன் நின்று படம் எடுத்துக்கொண்ட இரண்டு அமெரிக்கர்கள் அதைப் பற்றி ஏதாவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன், ஐஸ்கிரீம் கடை எங்கே என்றுதான் கேட்டார்கள்.

நாடாளுமன்றத்தின் பெயர் செய்மாஸ். பக்கவாட்டில் 1991 ஜனவரித் தடுப்புகளின் கான்கிரீட் துண்டுகளைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். 1990 மார்ச் 11 அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்து முதலில் விலகியது இந்த நாடு. மாஸ்கோ முதலில் எண்ணெயை நிறுத்தியது, எரிவாயுவைக் குறைத்தது, 1991 ஜனவரி 13 அதிகாலையில் டாங்கிகளை அனுப்பியது. டிவி கோபுரத்தைக் காக்கக் கூடிய கூட்டத்தில் 14 பேர் இறந்தார்கள். கோபுரம் ஊருக்கு வெளியே குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது, ட்ராலிபஸ்ஸில் போனேன். இறந்தவர்களுக்குச் சிலுவைகள், மேலே ஒரு சுழலும் உணவகம், இரண்டும் ஒரே வளாகத்தில்.

அந்த நேரத்தில் லிதுவேனியாவை அங்கீகரித்தது யார்? பெரிய ஜனநாயகங்கள் எதுவும் இல்லை. அமெரிக்கா சோவியத் இணைப்பை 1940இலிருந்தே ஏற்கவில்லை, அது நல்ல விஷயம்தான், ஆனால் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கவிழ்ந்துவிடுவாரோ என்ற பயத்தில் புதிய அரசோடு உறவு வைக்கத் தயங்கியது. 1991 பிப்ரவரியில் முதலில் கை நீட்டியது ஐஸ்லாந்து. அன்றைக்கு அதன் மக்கள்தொகை மூன்று லட்சம் கூடக் கிடையாது! ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் வந்தது ஆகஸ்ட் 27 அன்று, அதாவது மாஸ்கோவில் கோர்பச்சேவைக் கவிழ்க்க நடந்த ஆகஸ்ட் கலகம் தோற்று, ஆபத்து எல்லாம் போன பிறகு. வில்னியஸ் பழைய நகரத்தில் ஒரு தெருவுக்கு ஐஸ்லாந்து தெரு என்று பெயர், பார்களும் சத்தமுமாக இருக்கிறது. பெரியவர்கள் கணக்குப் போட்டு முடிக்கும்வரை சின்னவர்களில் யாராவது ஒருவர் முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற பாடத்தை லிதுவேனியர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு எழுதப்போகும் தைவான் கதைக்கு வேர் இங்கேதான்.

மத்தியானம் பழைய கே.ஜி.பி. கட்டிடத்தில் இருக்கும் அருங்காட்சியகம். கீழ்த்தளச் சிறை அறைகளைப் பார்த்துவிட்டு வந்தால் பேச்சு வராது. ஒன்று சொல்லியாக வேண்டும். இதன் பழைய பெயர் ‘இனப்படுகொலையில் பலியானோர் அருங்காட்சியகம்’, ஆனால் இந்த நாட்டு யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நாஜிகளாலும் அவர்களுக்குக் கைகொடுத்த உள்ளூர்க்காரர்களாலும் கொல்லப்பட்டதற்கு இங்கே இடம் மிகக் குறைவு என்று பல வருடம் கண்டனம் இருந்தது, 2018இல்தான் பெயரை மாற்றினார்கள். வெளியுறவில் ‘வரலாறு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது’ என்று அடிக்கடி பேசுகிற நாட்டுக்கு இது சங்கடமான அறை.

ஜூலை 14, திங்கள். வில்னியஸ்

காலை உணவுக்கே ஷல்டிபார்ஷ்சாய். பீட்ரூட்டும் கெஃபிரும் சேர்த்த குளிர்ந்த சூப், ரோஸ் கலர், பக்கத்தில் சூடாக உருளைக்கிழங்கு. வெயிலுக்கு அமிர்தம்.

அப்புறம் தைவான் அலுவலகம் இருக்கும் கட்டிடம் வரை நடந்து போனேன். பார்க்க ஒன்றும் இல்லை, சாதாரண அலுவலகக் கட்டிடம். ஆனால் 2021 நவம்பர் 18 அன்று இங்கே மாட்டிய பெயர்ப்பலகைதான் பெரிய புயலைக் கிளப்பியது. ஐரோப்பாவின் மற்ற தலைநகரங்களில் இப்படி இருக்கும் அலுவலகங்களுக்கு ‘தைபே’ என்று நகரத்தின் பெயர்தான். தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் பீஜிங்குக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. வில்னியஸ் ‘தைவான்’ என்றே எழுத அனுமதித்தது. அதே வருடம் மே மாதம், மத்திய கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு சீனா நடத்திய ‘17+1’ கூட்டிலிருந்தும் விலகியிருந்தார்கள்.

சீனா தூதரை அழைத்துக்கொண்டது, உறவைத் தூதருக்குக் கீழ் நிலைக்கு இறக்கியது. டிசம்பரில் லிதுவேனியச் சரக்கு சீனச் சுங்கத்தின் கணினியில் காணாமலே போனது, அதாவது ஏற்றுமதி செய்யும் நாடுகளின் பட்டியலில் அந்தப் பெயரே வரவில்லை. லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்கு நேரடியாகப் போவது சுமார் ஒரு சதவீதம்தான், அதனால்தான் துணிந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அடி விழுந்தது வேறு இடத்தில். லிதுவேனியாவில் செய்த உதிரிபாகம் உள்ளே இருந்தால் ஜெர்மன் கம்பெனியின் சரக்கையும் விடமாட்டோம் என்று சீனத் தரப்பு அழுத்தியதாகச் செய்திகள் வந்தன. ஜெர்மன் முதலாளிகளின் சங்கங்கள் வில்னியஸைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தன. ஒரு கூட்டமைப்பில் இருக்கும் சின்ன நாட்டை மடக்க எளிய வழி, கூட்டமைப்பின் பெரிய நாட்டுக்கு வலிக்கவைப்பதுதான் என்று பீஜிங் சரியாகவே கணித்தது.

கப்பலில் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த லிதுவேனிய ரம் 20,400 பாட்டிலைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது, எப்படிக் குடிப்பது, எதில் கலப்பது என்று தைவான் அரசே குறிப்பு போட்டது. 20 கோடி டாலர் முதலீட்டு நிதி, 100 கோடி டாலர் கடன் என்ற அறிவிப்புகளும் வந்தன. ரம் உடனே போய்ச் சேர்ந்தது, மற்றதெல்லாம் மெதுவாக.

ஒன்றியம் என்ன செய்தது? 2022 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் சீனா மீது வழக்குப் போட்டது. ‘இது லிதுவேனியா மீதான தாக்குதல் அல்ல, எங்கள் பொதுச் சந்தை மீதான தாக்குதல்’ என்பது நிலைப்பாடு. இரண்டு வருடம் கழித்து, 2024 ஜனவரியில், ஒன்றியமே வழக்கை நிறுத்திவைக்கச் சொன்னது, ஒரு வருடக் கெடு தாண்டியதும் அது தானாகக் காலாவதியானது. வர்த்தகம் ஓரளவு திரும்பிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்னொரு பக்கம், வெளிநாடு வணிகத்தை வைத்து மிரட்டினால் ஒன்றியமே பதிலடி கொடுக்கலாம் என்ற சட்டம் 2023 டிசம்பரில் அமலுக்கு வந்தது. வரைவு ஏற்கனவே தயாராகிக்கொண்டிருந்ததுதான், ஆனால் அதைத் தள்ளிவிட்டதில் லிதுவேனியக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. முழு வெற்றியும் இல்லை, கைவிட்டதும் இல்லை.

உள்நாட்டிலும் சண்டைதான். அதிபர் கிதானஸ் நவுசேடா 2022 ஜனவரியிலேயே, அலுவலகம் திறந்தது தப்பில்லை, பெயர்தான் தப்பு, என்னிடம் கலந்து பேசவில்லை என்று சொல்லிவிட்டார். அப்போதைய வெளியுறவு அமைச்சர் காப்ரியேலியஸ் லான்ட்ஸ்பெர்கிஸ் பின்வாங்கவில்லை. 1990இல் சுதந்திரம் அறிவித்தபோது தலைவராக இருந்த வீடவுதாஸ் லான்ட்ஸ்பெர்கிஸின் பேரன் அவர், பின்வாங்குவது குடும்பத்தில் கிடையாது போல. போன வருடக் கடைசியில் வந்த புதிய அரசு சீனாவோடு தூதர் அளவில் உறவைச் சரிசெய்ய விரும்புகிறது, ஆனால் பலகையைக் கழற்றத் தயாராக இல்லை. நான் பார்த்தபோது பலகை அப்படியேதான் இருந்தது.

என் சொந்தக் கருத்து: நியாயம் லிதுவேனியா பக்கம், பக்குவம் அதிபர் பக்கம். 26 கூட்டாளிகளில் நாலு பேரிடமாவது முன்கூட்டிச் சொல்லி, அவர்களையும் அதே பெயர்ப்பலகையை மாட்டவைத்திருந்தால் கதையே வேறு. இன்றுவரை ஒன்றியத்தில் வேறு யாரும் மாட்டவில்லை.

ஜூலை 15, செவ்வாய். மெதினின்கை

பெலாரூஸ் எல்லை வில்னியஸிலிருந்து 30 கிலோமீட்டர்தான். ஒரு தலைநகருக்கு இது ரொம்பப் பக்கம். போன வியாழக்கிழமை ஒரு ட்ரோன் அந்தப் பக்கமிருந்து பறந்து வந்து எல்லையருகே விழுந்தது, என்னவென்று தெரியும்வரை பிரதமரையும் சபாநாயகரையும் பாதுகாப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். கடைசியில் அது ‘கெர்பெரா’ ரகம், ஒட்டுப்பலகையும் தெர்மாகோலும் போல மலிவான பொருட்களில் செய்வது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா இதைச் சொல்லும்போது மழை பெய்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னார், அலமாரியில் தயாராக வைத்திருக்கும் பையையும் காட்டினார்: மருந்து, டார்ச், ரேடியோ, பணம்.

மெதினின்கையில் லாரி வரிசை. ஆறு சாலைச் சோதனைச் சாவடிகளில் நாலை 2023, 2024இல் மூடிவிட்டார்கள், திறந்திருக்கும் இரண்டில் இது ஒன்று. சாவடியை ஒட்டியே நினைவிடம்: 1991 ஜூலை 31 அதிகாலையில், மூத்த புஷ்ஷும் (டவுன் ஹாலில் பேசியவரின் அப்பா) கோர்பச்சேவும் மாஸ்கோவில் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே நாளில், ரீகாவிலிருந்து வந்த சோவியத் சிறப்புப் போலீஸ் இங்கே இருந்த லிதுவேனியக் காவலர்களையும் சுங்கக்காரர்களையும் தலையில் சுட்டது. ஏழு பேர் இறந்தார்கள். உயிர்பிழைத்த ஒரே ஒருவர் தோமாஸ் ஷெர்னாஸ், பிறகு போதகரானார். அந்தப் பழைய சோதனைச்சாவடி வண்டியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்துக்கும் பிரஸ்ஸல்ஸ் வீட்டோவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதைச் சொல்லத்தான் இன்றைய பதிவே.

2008இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவோடு புதிய கூட்டாண்மை ஒப்பந்தம் பேச ஆசைப்பட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் அவசரப்பட்டன. முதலில் போலந்து, தன் இறைச்சிக்கு ரஷ்யா போட்ட தடைக்காக 2006இலிருந்து அதை நிறுத்தி வைத்திருந்தது. போலந்து இறங்கிவந்ததும் லிதுவேனியா எழுந்து நின்று ‘வீட்டோ’ என்றது. கேட்டது என்ன? 2006இல் ‘பழுது’ என்று சொல்லி ரஷ்யா நிறுத்திய, லிதுவேனியாவின் மஷெய்கியை சுத்திகரிப்பு ஆலைக்கான எண்ணெய்க் குழாய் பற்றிப் பேச வேண்டும், ஜார்ஜியா, மால்டோவா பிரச்சினைகளையும் பேச்சில் சேர்க்க வேண்டும், ஜனவரி 13, மெதினின்கை வழக்குகளில் ரஷ்யா ஒத்துழைக்க வேண்டும். மற்றவர்களுக்கு எரிச்சல். நேற்றுச் சேர்ந்த பொடியன் எல்லோரையும் நிறுத்துகிறானே என்ற தொனி. மே மாதம் ஸ்லோவேனியா, போலந்து, ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர்கள் வில்னியஸுக்கே வந்து சமாதானம் பேசி, கவலைகளை எழுத்தில் சேர்க்கிறோம் என்றபின் வீட்டோ விலக்கப்பட்டது. மூன்று மாதத்தில் ரஷ்யப் படை ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. நவம்பரில் பேச்சை மீண்டும் தொடங்கும்போது மறுப்புச் சொன்னது லிதுவேனியா மட்டும், 26க்கு 1. பேச்சு ‘தள்ளிவைக்கப்பட்டதுதான்’, புதிய அனுமதி தேவையில்லை என்று சொல்லி அதை ஓரம்கட்டினார்கள்.

இன்று அதே வில்னியஸ்தான் ஹங்கேரியின் வீட்டோவைப் பற்றி எரிச்சலோடு பேசுகிறது. உக்ரைன் ஒன்றியத்தில் சேரும் பேச்சில் ஹங்கேரிப் பிரதமர் ஒர்பான் ஒவ்வொரு கதவிலும் நிற்கிறார். 2023 டிசம்பரில் அவரை அறையை விட்டு வெளியே போகவைத்து மற்ற 26 பேர் முடிவெடுத்தது உலகமே பார்த்த கூத்து. இன்று மதியம் பிரஸ்ஸல்ஸில் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள், ஸ்லோவாகியா ஒத்துக்கொள்ளவில்லை, 18ஆவது பொட்டலம் நிறைவேறவில்லை.

சரி, அப்படியானால் வீட்டோவையே எடுத்துவிடலாமே? 2023 மே மாதம் ஒன்பது நாடுகள் சேர்ந்து, வெளியுறவில் பெரும்பான்மை வாக்கு முறை வேண்டும் என்று ஒரு குழு தொடங்கின: ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் உண்டு, லக்சம்பர்க், ஸ்லோவேனியா மாதிரிச் சின்னவையும் உண்டு. லிதுவேனியா அதில் இல்லை. இங்கே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அரசியல் அறிவியல் மாணவியிடம் இதைக் கேட்டேன். ஒர்பானால் இன்று எங்களுக்கு நஷ்டம், ஆனால் பெர்லினும் பாரிஸும் நாளை மாஸ்கோவோடு கைகுலுக்கப் போனால் அவர்கள் சட்டையைப் பிடித்து இழுக்க எங்களிடம் அது ஒன்றுதானே இருக்கிறது என்றார். பெரும்பான்மைக் கணக்கில் 15 நாடுகளும் மக்கள்தொகையில் 65 சதவீதமும் போதும். 29 லட்சம் பேர் அந்தத் தராசில் எந்தப் பக்கம் நின்றாலும் முள் அசையாது. நினைவிடத்தின் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வாதத்தை மறுப்பது கஷ்டம். என்னால் முடியவில்லை.

ஜூலை 16, புதன். கவுனாஸ்

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1920இலிருந்து 1939 வரை வில்னியஸ் போலந்திடம் இருந்ததால் கவுனாஸ்தான் ‘தற்காலிகத் தலைநகர்’. பழைய அதிபர் மாளிகை மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பங்களா, அவ்வளவுதான். நான் பார்த்த அரசு மாளிகைகளில் இதுதான் அதிகம் பாதித்தது.

எந்தக் கூட்டமைப்பிலும் இல்லாத சின்ன நாட்டுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் கட்டிடம் சாட்சி. 1938 மார்ச்: போலந்தின் இறுதி எச்சரிக்கை, 48 மணி நேரத்தில் தூதரக உறவு வை. ஒத்துக்கொண்டார்கள். 1939 மார்ச்: ஜெர்மனியின் எச்சரிக்கை, துறைமுக நகரான கிளைபேடாவைக் கொடு. கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் ஸ்டாலின் வில்னியஸைத் திருப்பித் தந்தார், கூடவே தன் ராணுவத் தளங்களையும் அனுப்பினார். ‘வில்னியஸ் நம்முடையது, நாமோ ரஷ்யனுடையவர்கள்’ என்று ஊரில் அப்போதே கிண்டல். 1940 ஜூன் 14 நள்ளிரவை ஒட்டி மூன்றாவது எச்சரிக்கை, இந்த முறை மாஸ்கோவிலிருந்து, பதில் சொல்ல மறுநாள் காலை 10 மணி வரை நேரம். கடைசி அமைச்சரவைக் கூட்டம் இந்த வீட்டில்தான் நடந்தது. அதிபர் ஸ்மெடோனா எதிர்க்கலாம் என்றார், பெரும்பாலோர் பணியலாம் என்றார்கள், அவர் அன்றே ஜெர்மனிப் பக்கம் எல்லை தாண்டினார்.

யோசாஸ் உர்ப்ஷிஸ் என்ற வெளியுறவு அமைச்சரின் கதையைப் பாருங்கள். பெர்லினில் நாஜி வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பிடம் எச்சரிக்கையை வாங்கியவர் அவர், மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவிடம் வாங்கியவரும் அவரே. பிறகு சோவியத் சிறைகளில் பல வருடம். ஆனால் ஆயுள் கெட்டி, 1990 மார்ச் சுதந்திர அறிவிப்பையும் பார்த்துவிட்டு 1991இல் இறந்தார்.

மாலை சுகிஹாரா வீடு. ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா 1940 கோடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக்கொடுத்து யூத அகதிகளைக் காப்பாற்றிய இடம். மேசை, பேனா, முத்திரை. பதினைந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று போய் ஒன்றரை மணி நேரம் இருந்தேன்.

ஜூலை 17, வியாழன். கிளைபேடா

பேருந்தில் நீளமான நெடுஞ்சாலை, இரு பக்கமும் கோதுமை. கிளைபேடாவின் தியேட்டர் சதுக்கத்தில் தெரியும் பால்கனியிலிருந்துதான் 1939 மார்ச்சில் ஹிட்லர் பேசினார். இப்போது கீழே அம்பர் நகை விற்கிறார்கள்.

நான் வந்தது கப்பல் பார்க்க. ‘இண்டிபென்டன்ஸ்’ என்ற மிதக்கும் எல்.என்.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) முனையம், கொரியாவில் கட்டியது, 294 மீட்டர் நீளம். 2014 அக்டோபர் 27 அன்று இங்கே வந்தபோது ஊரே கரையில் நின்றதாம். அதுவரை நாட்டின் எரிவாயு முழுவதும் ஒரே ஆளிடமிருந்து, ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ராமிடமிருந்து. இந்தக் கப்பல் வந்ததால்தான் 2022 ஏப்ரலில், ஒன்றியத்தில் முதல் நாடாக, ரஷ்ய எரிவாயு இனி வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. குத்தகையில் இருந்த கப்பலை போன டிசம்பரில் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். இந்த பிப்ரவரியில் மின்சாரமும்: 8ஆம் தேதி ரஷ்யா, பெலாரூஸ் வலைப்பின்னலிலிருந்து மூன்று பால்டிக் நாடுகளும் அறுத்துக்கொண்டன, மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பாவோடு இணைந்தன. பேச்சில் வீரம் எல்லோருக்கும் வரும், குழாயையும் கம்பியையும் மாற்ற பத்துப் பதினைந்து வருடம் செலவழித்ததுதான் இவர்களுடைய வெளியுறவுக் கொள்கையின் உண்மையான பகுதி. இதில் ஒன்றியத்தின் பணமும் நிறைய.

இதே ஒன்றியம்தான், சேர வேண்டுமானால் செர்னோபில் ரக இக்னலினா அணுமின் நிலையத்தை மூடு என்றது. 2004 கடைசியில் ஓர் உலை, 2009 கடைசியில் மற்றொன்று என்று மூடினார்கள். மின்சாரம் ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யும் நாடானது. அப்புறம் வில்னியஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் பெலாரூஸ் தன் அணுமின் நிலையத்தைக் கட்டியது, ரஷ்ய உதவியோடு. கோபம் வராமல் இருக்குமா.

துறைமுகத்துக்கு எதிரில் பீர் குடித்துக்கொண்டிருந்த, முன்பு கிரேன் ஓட்டிய பெரியவர் ஒருவர் வேறு கணக்குச் சொன்னார். பெலாரூஸின் பொட்டாஷ் உரம் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் உலகத்துக்குப் போனது, 2022 பிப்ரவரி 1 முதல் நிறுத்தம். மதிப்பீடுகள் பற்றி வில்னியஸில் பேசுவார்கள், வேலை போவது கிளைபேடாவில் என்றார். சும்மா சொல்லக்கூடாது, வில்னியஸும் தயங்கத்தான் செய்தது. அமெரிக்கத் தடை அமலுக்கு வந்தபின்னும் 2021 டிசம்பரில் உர ரயில் ஓடிக்கொண்டே இருந்தது தெரியவந்து, வெளியுறவு அமைச்சரும் போக்குவரத்து அமைச்சரும் ராஜினாமா செய்யத் தயார் என்று சொல்லும் அளவுக்குப் போனது. இருவரும் பதவியில் நீடித்தார்கள்.

இரவு செய்தி: ஸ்லோவாகியப் பிரதமர் ஃபிட்ஸோ இறங்கிவந்துவிட்டார், நாளை தடுக்கமாட்டோம் என்று அறிவித்திருக்கிறார். அவர் சண்டை உண்மையில் தடைகளைப் பற்றியதே அல்ல, 2028க்குள் ரஷ்ய எரிவாயுவை முழுதாக நிறுத்தும் வேறொரு திட்டத்தைப் பற்றியது. அந்தத் திட்டத்துக்குப் பெரும்பான்மை போதும் என்பதால் அங்கே தடுக்க முடியாது, தடுக்க முடிந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். 2008இல் லிதுவேனியா செய்ததும் இதே ரகம்தான், கோரிக்கை வேறு.

ஜூலை 18, வெள்ளி. நிடா

படகில் ஐந்து நிமிடம் கடந்து, ஸ்மில்டினேயில் பேருந்து ஏறினால் பைன் காட்டுக்குள் ஒரு மணி நேரம். ஒரு பக்கம் பால்டிக் கடல், ஒரு பக்கம் காயல், நடுவே குறுகலான மணல் திட்டு. தெற்குப் பாதி ரஷ்யாவுடையது. பர்னிதிஸ் மணல்மேட்டில் ஏறினால் சூரியக் கடிகாரம், அதற்கு அப்பால் தெரியும் மணல்மேடுகள் காலினின்கிராட் பக்கம். பலகைகள் தாண்டாதே என்கின்றன, ஃபோனைக் கவனியுங்கள், தானாக ரஷ்ய நெட்வொர்க்குக்குத் தாவினால் பில் எகிறிவிடும்.

2022 ஜூனில் இந்தக் காலினின்கிராட் விஷயத்தில்தான் ஒன்றியம் லிதுவேனியாவைப் பின்னுக்கு இழுத்தது. எஃகு, இரும்புத் தடை ஜூன் 17 அன்று அமலானதும் லிதுவேனிய ரயில்வே அந்தச் சரக்கை ரஷ்யாவிலிருந்து காலினின்கிராடுக்கு விடவில்லை. ‘தடை எங்களுடையதல்ல, 27 பேருடையது’ என்றது வில்னியஸ். மாஸ்கோ மிரட்டியது, பெர்லின் பதறியது. ஜூலை 13 அன்று ஐரோப்பிய ஆணையம் புதிய விளக்கம் தந்தது: சாலையில் கூடாது, ரயிலில் பழைய அளவுக்கு மிகாமல் போகலாம். வில்னியஸ் முகம் சுளித்தது, ஆனால் கேட்டுக்கொண்டது.

மத்தியானம் புகைபோட்ட மீன் தின்றுகொண்டிருக்கும்போது ஃபோனில் செய்தி, 18ஆவது பொட்டலம் நிறைவேறியது. ரஷ்ய எண்ணெய் விலை உச்சவரம்பு 60 டாலரிலிருந்து 47.6 ஆகிறது. அதைவிட, நார்ட் ஸ்ட்ரீம் குழாய்களோடு எந்தப் பரிவர்த்தனையும் கூடாதாம். இதோ எதிரே தெரிகிற இதே கடலின் அடியில், தங்களை ஒதுக்கிவிட்டு ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு நேராக எரிவாயு கொண்டுபோக 2005இல் ஒப்பந்தம் போட்டபோது பால்டிக் நாடுகளும் போலந்தும் தொண்டை வறளக் கத்தின, ‘இது வெறும் வணிகம்’ என்று பெர்லின் பல வருடம் பதில் சொன்னது. இருபது வருடம் கழித்து அதற்கு ஒன்றியமே பூட்டுப் போடுகிறது, அதுவும் குழாய்கள் 2022இல் வெடித்துக் கிடக்கும் நிலையில். மேசைக்கு நாலு பேர் மீன் தின்றுகொண்டிருந்தார்கள், யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிட்டதால் இவர்கள் எல்லாவற்றிலும் சரி என்று ஆகாது. கொள்கை, மதிப்பீடு என்று உரக்கப் பேசும் இதே நாடு பாலஸ்தீன அரசை இன்னும் அங்கீகரிக்கவில்லை, 2023 அக்டோபரில் காசா போர்நிறுத்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலிருந்து இந்த மார்ச்சில் விலகியது, கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்தும் விலக மே மாதம் செய்மாஸ் வாக்களித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ரஷ்யா இருந்தால் கண்ணிவெடி வேண்டும் என்று தோன்றுவது புரிகிறது. ஆனால் அதைப் பயம் என்று சொல்லிவிட்டால் நான் இன்னும் மதிப்பேன்.

ஜூலை 19, சனி. கல்வாரியா எல்லை

வார்சா திரும்பும் பேருந்தை எல்லையில் நிறுத்திவிட்டார்கள். எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள் இது வழக்கமில்லை, ஆனால் ஜூலை 7 முதல் போலந்து தன் ஜெர்மனி எல்லையிலும் லிதுவேனியா எல்லையிலும் தற்காலிகச் சோதனை போட்டிருக்கிறது. ஜெர்மனி போலந்து எல்லையில் ஏற்கனவே போட்டதற்கு இது பதில் என்பது எல்லோருக்கும் தெரியும். பெலாரூஸ் வழியாக வருபவர்கள் லாட்வியா, லிதுவேனியா சுற்றி வருகிறார்கள் என்பது சொல்லும் காரணம். ரஷ்யா, பெலாரூஸ், உக்ரைன் எதிலும் வில்னியஸுக்கு வார்சாவைவிட நெருங்கிய கூட்டாளி கிடையாது. கூட்டாளிக்கே இந்தக் கதி. போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டின் விசா பக்கத்தை மூன்று முறை புரட்டினார், மற்றவர்களின் அடையாள அட்டையைப் பார்த்ததும் தலையாட்டினார்.

இங்கே வருவது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: 2027 ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை லிதுவேனியாவுக்கு வருகிறது, அமைச்சர் கூட்டங்களில் பலவற்றை இவர்களே நடத்துவார்கள், அப்போது வில்னியஸில் அறை வாடகை ஏறும். மெதினின்கை போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிடாவுக்கு ஒருநாள் போதாது, ஓர் இரவு தங்குங்கள். வில்னியஸ் கே.ஜி.பி. அருங்காட்சியகம் திங்கள், செவ்வாய் விடுமுறை.